இரண்டாம் பிடி

செர்ச்சிப்பில் உலையில் அரிசி போடும் முன்
ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்போம்.
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
சபைக்கு.
அதை விற்றுத்தான் ஊழியருக்குப் படி,
பள்ளிக்கூரைக்குத் தகரம்,
நொடித்துப்போன வீட்டுக்கு ஒரு சாக்கு.

சனிக்கிழமை திரட்டி வருவது என் வேலை.
நெற்றியில் பட்டை, முதுகில் கூடை,
இடுப்பில் சொருகிய நோட்டு,
மலைச்சரிவில் முப்பத்தேழு வீடுகள்.
யார் பிடி பெரியது, யார் பிடி சிறியது
எனக்குத் தெரியும்.
மூப்பர் கப்லியானாவின் கை முறம் போல இருக்கும்,
டப்பாவில் விழுவது சிட்டுக்குருவிக்குக் காணாது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
என் பிடியும் மாதக்கடைசியில் சுருங்கும்.

மே மாத மழையில் சாலை சரிந்தபோது
பியாக்டிக்கியின் புருஷன் லாரியோடு போனான்.
இளைஞர்கள் இரவெல்லாம் குழி வெட்டினார்கள்.
மூன்று நாள் அவள் வீட்டில் கூடிப் பாடினோம்,
தேநீர் கொதித்துக்கொண்டே இருந்தது.
நான்காம் நாள் அவரவர் வேலைக்குப் போனோம்.

ஆனாலும் சனிதோறும்
அவள் வாசற்படியில் டப்பா இருந்தது.
பதினான்கு பிடி. குறையாமல்.
எனக்குக் கண் கலங்கும்.
என்ன விசுவாசம் என்று
மாதர் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன்.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.

ஆகஸ்டில் உதவிப் பட்டியல் போட உட்கார்ந்தோம்.
யாரோ பியாக்டிக்கி பெயரைச் சொன்னார்கள்.
நான்தான் நோட்டைப் புரட்டிக் காட்டினேன்:
கொடுக்கிறவளுக்குக் குறை என்ன இருக்கும்?
பெயரை அடித்தோம்.
பேனா நன்றாகவே எழுதியது.

அப்போதுதான் பின்வரிசையில் ரொதுவாமி எழுந்தாள்.
கூட்டத்தில் வாய் திறக்காதவள்.
பியாக்டிக்கிக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை,
இவள் பன்றி அவள் கடுகுக்கீரைப் பாத்தியை
உழுது போட்ட வருஷத்திலிருந்து.

"அது என் அரிசி" என்றாள்,
திருடிப் பிடிபட்டவள் போல.
"அவள் அடுப்பில் புகை எழும் நாளே கொஞ்சம்.
வெறும் டப்பாவைப் பார்த்து
நீ நோட்டில் கோடு போட்டுவிடுவாயே என்று
இரண்டாம் பிடி எடுத்தேன்.
வெள்ளி இருட்டியதும் கொண்டுபோய்க் கொட்டுவேன்.
அது அவள் வாய்ச்சோற்றைத் தட்டிவிடும் என்று
எனக்கு எப்படித் தெரியும்?"

யாரும் ஆமென் சொல்லவில்லை.
தகரக் கூரையில் மழை மட்டும்.

அன்று மாலையே கிடங்கிலிருந்து
இருபது கிலோ நிறுத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.
கற்படிகள் வழுக்கின.
சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்,
கதவு திறந்ததும் ஒரு வார்த்தை வரவில்லை.
கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தாள்.
இத்தனை சனிக்கிழமை இதே வாசலில் நின்றிருக்கிறேன்.
குனிந்து டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன்.

"யார் வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்" என்றாள்.
"அரிசியில் ஒரு கல் இருக்காது.
இந்தச் சரிவில் அப்படிப் புடைக்கிறவள் ஒருத்திதான்."
"பிறகு ஏன் எடுத்துப் பொங்கவில்லை?"
"தேவனுக்கென்று வைத்ததையா?"
என்னையே திருப்பிக் கேட்டாள்.

சாக்கைப் பிரித்தாள். உலைக்கு அளக்கும் முன்
ஒரு பிடி டப்பாவில் போட்டாள்.
சற்று யோசித்து, இன்னொன்று.
"இது அவள் பேரில்.
மூன்று மாதமாய் இரண்டு வீட்டுக்குப் போட்டவள்
பானையில் என்ன மிஞ்சியிருக்குமோ."

இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.
பன்றி இன்னும் வேலி தாண்டுகிறது.
நான் இப்போது கூடையை
முதல் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு
கதவைத் தட்டுகிறேன்.
சாப்பிட்டாயா என்கிறேன்.
பதில் வரும்வரை நிற்கிறேன்.
டப்பா அப்புறம்தான்.